சூசை மாமாவின் மீனுக்கு நான் போட்ட எடை

பித்தளையும் மீனின் வழவழப்பும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையை வீட்டில் கழற்றி எறிந்துவிட்டு, சாயம் போன அரைக்கால் சட்டையோடு இராயபுரம் கடலோரக் கற்களுக்கு நான் ஓடும்போது, அந்த வாடை ஒரு கந்தல் துணிக்குள் சுற்றப்பட்டு என் கக்கத்தில் இருக்கும். துணிக்குள் இருந்தது ஒரு தராசு; அதை வீட்டில் வைத்திருந்து கொண்டுபோவது என் வேலை. முழங்கை நீளத்துக்கு ஒரு பித்தளைக் குழல், அதற்குள் ஒரு சுருள்வில், அடியில் ஒரு கொக்கி, குழலின் பக்கவாட்டில் வெட்டிய பிளவில் ஏறி இறங்கும் ஒரு முள். கொக்கியில் மீனை மாட்டினால் வில் நீளும், முள் இறங்கும், அது நிற்கிற கோட்டில் கிலோ எழுதியிருக்கும்.

எங்கிருந்தோ துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலின் சமையல்காரர், ஒரு வாளி நண்டை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக எங்கள் பக்கத்து வீட்டுச் சூசை மாமாவிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று சொல்வார்கள். அதன்மேல் பொறித்திருந்த எழுத்து என்ன பாஷை என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோரும் அதற்கு "தொர" என்று பெயர் வைத்துவிட்டார்கள். மீன் ஏறியதும் "தொர இன்னா சொல்றாரு?" என்று நாலு கல்லுக்கு அப்பாலிருந்து குரல் வரும். எதிர்பார்த்த எடை வராவிட்டால், "தொரைக்கு இன்னிக்கு ஒடம்பு சரியில்ல" என்பார்கள்.

அந்தக் கற்களில் ஞாயிறுதோறும் தூண்டில் போட வந்தவர்கள் யாரும் மீனவர்கள் இல்லை. என் அப்பா ரயில்வே சரக்குக் கிடங்கில் எழுத்தர். சூசை மாமா துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் இழுவைக் கயிறு அறுந்து வந்து அடித்ததில் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போக, அதன்பின் அவரை ஒரு வாயிற்கதவருகே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். கன்னியப்பன் மாமா திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வருவார். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர், அந்த இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். இவர்களோடு இன்னும் சிலர். கட்டுமரம் கிடையாது, வலை கிடையாது. ஒரு மரக்கட்டையில் சுற்றிய "தங்கூஸ்" என்ற நைலான் நரம்பு, ஒரு ஈயக்குண்டு, ஒரு தூண்டில் முள், கொஞ்சம் இறால், அவ்வளவுதான் சாமான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர்கள் இவர்களைப் பார்த்துச் சிரித்தால் சூசை மாமா கோபப்பட மாட்டார். "அவுங்க புடிக்கறது வவுத்துக்கு. நாம புடிக்கறது ஞாயித்துக்கெயமைக்கு" என்பார்.

கடல் ஊரைத் தின்றுவிடக் கூடாது என்று கொட்டிவைத்திருந்த அந்தக் கருங்கற்கள் கண்டபடி கிடந்தன. பாசி பிடித்த கல், ஆடுகிற கல், நண்டு ஓடி ஒளியும் இடுக்கு, இவற்றின்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் தூண்டில் போடவேண்டும். முனையில் மட்டும் ஒரு கல் மேலே தட்டையாகவும் பின்னால் முதுகு சாய்த்துக்கொள்ள வாகாகவும் நாற்காலி போல இருந்தது. அதன் பெயர் "சேர் கல்லு". கரையிலிருந்து அதுவரைக்கும் வரிசையாகப் படிபோல நல்ல கற்கள். அதன் முன்னால்தான் தண்ணீர் ஆழம். கொடுவா மாதிரிப் பெரிய மீன் வந்தால் அங்கேதான் வரும். அதில் யார் உட்காருவது என்று ஒரு காலத்தில் அடிதடிவரை போயிருக்கிறது. அதன்பிறகு அவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கைத்தூண்டிலில் எவன் இதுவரை பிடித்ததிலேயே கனமான மீனைப் பிடித்தானோ அவனுக்குச் சேர் கல்லு. அவனை எடையில் இன்னொருவன் மிஞ்சும்வரை அது அவனுடையது. அவன் வராத ஞாயிறுகூட அது காலியாகத்தான் கிடக்கும்.

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்தக் கல்லில் சூசை மாமாதான் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது அவர் ஒரு கொடுவா பிடித்தார். தொரை சொன்ன எடை ஆறே முக்கால் கிலோ. கல்லின் பக்கவாட்டில் தாரால் "சூசை 6¾" என்று எழுதியிருந்தது. அந்த மீனை நான் பார்த்தேனா, பார்த்தவர்கள் சொல்லிக் கேட்டதையே பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அதன் வாலை மாமாவின் மகள் பிலோமி தன் இடுப்பில் வைத்து அளந்து பார்த்ததாக ஒரு சித்திரம் மனதில் இருக்கிறது.

பெருமைக்காக மட்டும் அவருக்கு அந்தக் கல் வேண்டியிருந்ததில்லை. நொறுங்கிய காலோடு அவரால் போய் உட்கார முடிந்த ஒரே கல் அதுதான். மற்றக் கற்களில் ஏறக் காலும் மடங்காது, வழுக்கினால் ஊன்றவும் முடியாது. இதை எல்லோரும் அறிவார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. காலுக்காக இடம் கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்கிறவர் இல்லை. மீனுக்காக என்பதால் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது தொரைக்கு ஒரு விபத்து நடந்தது. கன்னியப்பன் மாமா ஒரு திருக்கையைப் பிடித்து, அது உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும்போதே தராசில் மாட்டினார். திருக்கை ஒரு உதறு உதறியது. தராசு கையிலிருந்து நழுவிக் கல்லிடுக்கில் விழுந்து கடலுக்குள் போயிற்று. "தொர ஊருக்கே பூட்டாரு" என்று சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் ஒருவர் இடுக்கில் கைவிட்டு அதை எடுத்துவிட்டார். பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. துடைத்து, உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டு, தலையில் இருந்த திருகைத் திருப்பி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தினார்கள். தொரை மறுபடியும் வேலைக்கு வந்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்த கோடை விடுமுறையில், அம்மா மார்க்கெட்டில் நிறுத்து வாங்கிவந்த சங்கரா மீனை விளையாட்டாகத் தொரையில் மாட்டிப் பார்த்தேன். மார்க்கெட் எடையைவிட அதிகம் காட்டியது. மீன்காரம்மா எங்களுக்குக் கூடுதலாகப் போட்டிருக்க வாய்ப்பே இல்லை என்று அம்மா அடித்துச் சொன்னாள். நானும் அப்பாவும் தொரையை ரேஷன் கடைக்கு எடுத்துப்போய், முத்திரை குத்திய ஐந்து கிலோ இரும்புக் கல்லை மாட்டினோம். முள் ஐந்தே முக்காலில் போய் நின்றது.

அந்த ஞாயிறு கற்களின்மேல் பெரிய அமளி. கன்னியப்பன் மாமா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப நான் இத்தினி நாளா புடிச்ச மீனெல்லாம் பொய்யா?"

"மீனு நெசம்தான்டா மாமு" என்றார் சூசை மாமா. "தொரதான் டூப்பு வுட்டுகினு கீறாரு."

புதுத் தராசு வாங்குவதென்று முடிவாயிற்று. அப்பா, சூசை மாமா, கன்னியப்பன் மாமா, நான், நாலு பேரும் பாரிமுனைப் பக்கம் தராசு விற்கும் சந்துக்குப் போனோம். என் வாழ்க்கையிலேயே எனக்கு அவ்வளவு மரியாதை கிடைத்த நாள் வேறு இல்லை. கடையில் முதலில் எடுத்துப்போட்டது கண்ணாடி முகம் வைத்த கடிகாரத் தராசு. பார்க்க அழகு. "கண்ணாடிக்குள்ள உப்புத் தண்ணி பூந்தா உள்ள முள்ளு தெரியாது, மேகம்தான் தெரியும்" என்று கன்னியப்பன் மாமா தள்ளிவிட்டார். அடுத்தது ஐம்பது கிலோவரை நிறுப்பது. அதில் கோடுகள் எறும்பு வரிசைபோல நெருங்கிக்கிடந்தன. கால் கிலோ வித்தியாசத்தில் ஒருவன் தோற்கிற எங்கள் போட்டிக்கு அது உதவாது என்று நான் சொன்னேன். ஐந்து கிலோவரை நிறுப்பதை அப்பா வேண்டாம் என்றார். பெரிய மீன் ஏறினால் வில் தன் எல்லையைத் தொட்டுவிடும். கடைசியில் பன்னிரண்டு கிலோவரை போகும் ஒரு குழல் தராசு பிடித்தது.

அதையும் சும்மா வாங்கிவிடவில்லை. கடையின் முத்திரைக் கற்களை ஒரு கிலோ, இரண்டு, ஐந்து, பத்து என்று மாட்டிப் பார்க்கச் சொன்னேன். சிறிய எடையில் சரியாக இருப்பது பெரிய எடையிலும் சரியாக இருக்கும் என்று நம்பக் கூடாது. சூசை மாமா ஒவ்வொரு தடவையும் கல்லை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா என்று கண்ணைக் குறுக்கிப் பார்த்தார். கன்னியப்பன் மாமா அதைக் காதருகே வைத்துக் குலுக்கினார். எதற்கு என்று கேட்டதற்கு, "வின்ச்சையும் இப்டித்தான் பாப்பேன்" என்றார். கடைக்காரர் பொறுமையிழந்து, "பொண்ணு பாக்கவா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "பொண்ணுன்னா ஒர்தனுக்குத்தான் பேஜாரு. இது எல்லாருக்கும்" என்றார் சூசை மாமா.

இன்றைக்கும் யாராவது தூண்டில் மீனுக்கு எந்தத் தராசு நல்லது என்று கேட்டால் அந்தச் சந்தில் பார்த்ததைத்தான் சொல்வேன். பிடிக்கப்போகும் மீனைவிட இரண்டு பங்கு தாங்கட்டும். ஈரக் கையோடும் கூசும் வெயிலிலும் கோடு தெரியட்டும். முத்திரை உள்ள கல்லை இரண்டு மூன்று எடையில் மாட்டிப் பாருங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மீன் ஆடி ஓய்ந்தபிறகு எண்ணைப் படியுங்கள். இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதை நான் பிறகுதான் கற்றேன்.

புதுத் தராசு வந்த ஞாயிறு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் கேட்காதபோது நானாக எழுந்து, "அப்ப சூசை மாமாவோட கொடுவாக்கும் கழிக்கணுமே" என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தொரை ஐந்து கிலோவை ஐந்தே முக்கால் என்று காட்டினால், அது காட்டிய ஆறே முக்கால் உண்மையில் எவ்வளவு என்று ஒரு சிகரெட் பெட்டியின் உள்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல் வந்தது. இனிமேல் பிடிக்கிறவன் நல்ல தராசில் நிறுத்தும்போது பழைய மீன் மட்டும் பொய் எடையோடு நிற்பது நியாயமில்லை என்று விளக்கினேன். அப்பா என் தோளில் கை வைத்திருந்தார். அந்தக் கையின் கனம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

கன்னியப்பன் மாமாவுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "துன்னு ஏப்பம் வுட்ட மீனை இப்ப எதுக்கு நிறுக்கற?" என்றார்.

சூசை மாமா சிகரெட் பெட்டியை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகத் திருப்பிப் பார்த்தார். "பையன் படிச்சிகீறான். கணக்கு கணக்குதான். எயிது" என்றார்.

நானேதான் தார் கொண்டுவந்தேன். பழைய எண்ணின்மேல் தார் பூசி மறைத்து, பக்கத்தில் புதிதாக "6க்குக் கீழ்" என்று எழுதினேன். எழுத்து அழகாக இருந்தது. ஆறு கிலோவுக்குக் கிட்டேகூட யாரும் பிடிக்காத காலம் அது என்பதால், கல் கைமாறும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஆனால் நினைத்திருந்தாலும் எழுதியிருப்பேன். அதுதான் உண்மை.

ஆவணியில் கன்னியப்பன் மாமா ஒரு கொடுவா பிடித்தார். புதுத் தராசு ஆறே கால் என்றது. பழைய எண் நின்றிருந்தால் அது இரண்டாவது மீன். நான் எழுதிய எண்படி அது முதல் மீன். அவர் மீனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். சூசை மாமா சேர் கல்லிலிருந்து எழுந்து, நரம்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, "வா, குந்து. சூடு பண்ணி வெச்சிகீறேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு அவர் வேறொரு கல்லில் உட்காரப் பார்த்தார். பாசியில் கால் வழுக்கி, விலாவில் அடிபட்டு, அப்பாவும் இன்னொருவரும் அவரைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கன்னியப்பன் மாமா, "என் கல்லுல குந்திக்க மாமு" என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் அவர் ஒப்பவில்லை. "ஒன் மீனு, ஒன் கல்லு" என்றுவிட்டார். அதற்குப் பிறகு அவர் கடலுக்கு வரவில்லை. ஞாயிறு காலையில் பூசை முடிந்து திரும்பும்போது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கடலுக்குப் போகும் சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னா வாத்யாரே, கடலு எப்டிகீது?" என்று என்னைக் கேட்பார். நான் பதில் சொல்லிவிட்டு ஓடுவேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒருநாள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் எங்கள் பௌதிக ஆசிரியர் இரண்டு சுருள்விற்களைத் தொங்கவிட்டார். இரண்டும் ஒரே அளவில் வாங்கியவை. ஒன்றை அலமாரியில் உலர்வாக வைத்திருந்தார். மற்றது எப்போதோ ஈரத்தில் கிடந்து துருப்பிடித்தது. இரண்டிலும் ஒரே எடையை மாட்டினார். துருப்பிடித்தது அதிகம் நீண்டது. துரு தின்னத் தின்னக் கம்பி மெலியும், மெலிந்த கம்பி சுலபமாக இழுபடும் என்றார். பிறகு துருவைச் சுரண்டிக் காட்டி, "இது வாங்குன அன்னைக்கு இப்படி இல்ல" என்றார்.

தொரையின் வில்லும் இரும்புக் கம்பிதான். தொரை ஒரு வாரம் கடலுக்குள் கிடந்தது எனக்குத் தெரியும். சூசை மாமாவின் மீன் நிறுக்கப்பட்டது அதற்கு ஐந்து வருடம் முன்னால். வில் நன்றாக இருந்த நாளில் நிறுத்த மீனுக்கு, வில் கெட்டுப்போன நாளின் பிழையை எடுத்து நான் கழித்திருந்தேன். நோயாளியின் இன்றைய காய்ச்சலை அவனுடைய பள்ளிப்பருவத்துக்கும் சேர்த்து எழுதியது போன்ற வேலை. தராசைச் சோதிக்க எனக்குத் தெரிந்திருந்தது. எந்த நாளின் தராசைச் சோதிக்கிறேன் என்று கேட்கத் தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலையே போய்ச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அப்பா தன் கிடங்கில் எல்லோரிடமும் அந்தச் சிகரெட் பெட்டிக் கணக்கைப் பற்றிச் சொல்லியிருந்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் என்னைக் கூப்பிட்டு மறுபடியும் விளக்கச் சொல்வார். அதை நான் இழக்க விரும்பவில்லை. மழை வந்துவிட்டது, கடல் கலங்கிக்கிடக்கிறது, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த மழை மாதங்களில் வானம் வெறிக்கிற நாட்கள்தான் கொடுவாவுக்கு நல்ல காலம் என்பதும் எனக்குத் தெரியும். ஐப்பசியும் கார்த்திகையும் முழுக்க நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வயதுக்குப் பிறகு, அந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக நான் என்னை நொந்துகொள்வதில்லை. தப்பு என்று தெரிந்தபிறகு நல்ல பையனாக வாசலில் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டு போனேனே, அதற்குத்தான் வருத்தம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா ரவை வாங்கிவரச் சொல்லி அனுப்பினாள். தெருமுனை டீக்கடையில் சூசை மாமா, துறைமுகத்தில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரோடு உட்கார்ந்திருந்தார். அந்த இளைஞர், "நீ பெரிய கொடுவா புடிச்ச ஆளாமே, ஏழு கிலோவாமே" என்று கேட்டார்.

"அட, அத்த வுடு" என்றார் மாமா. "முன்ன நானும் ஆறே முக்காலு ஆறே முக்காலுன்னு சொல்லிகினு திரிஞ்சேன். அது தப்பு. தராசு கோளாறு. எங்க பக்கத்து வூட்டுப் பையன் கணக்கு போட்டுக் கண்டுபுடிச்சான். ஆறுக்குக் கீயதான்."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்த மீனின் நீளத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்ததை நான் பார்த்தேன்.

ரவை வாங்காமலே வீட்டுக்கு ஓடி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு கேட்டார். வில், துரு, திருக்கை, கடல் என்று நான் சொல்லி முடித்ததும், "எப்ப தெரியும் உனக்கு?" என்று கேட்டார். காலாண்டுப் பரீட்சை முடிந்தபோது என்றேன். அவர் மறுபாதியையும் மழித்து முடித்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "வா. நீ சொல்லு. நான் கூட நிக்கறேன்" என்றார். வைவார் என்று எதிர்பார்த்தேன். வையாமல் கூட நின்றதுதான் கஷ்டமாக இருந்தது.

சூசை மாமா முழுக்கக் கேட்டார். புரியவில்லையோ என்று நான் வில்லைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தபோது கையமர்த்தினார்.

"அப்ப என் மீனு ஆறே முக்காலா?"

"இருக்கலாம் மாமா. அப்ப தராசு சரியா இருந்திருந்தா. யாரும் அப்ப எடைக்கல்லு வெச்சுப் பாக்கல. இனிமே தெரியாது."

"இருக்கலாமா?" என்றார். "சின்னதுன்னு சொல்றப்ப அடிச்சு சொன்ன. பெருசுன்னு சொல்றப்ப இருக்கலாமா?"

உள்ளே கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்த பிலோமி மாவுக் கையோடு வந்து, "எங்கப்பா மீனைக் கொறைச்சதும் நீதானா? ஒனக்குக் கல்கல் கெடையாது போ" என்றாள். அவள் அப்பா சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே என் காதைப் பிடித்தார், வலிக்கும்படிதான் பிடித்தார். எனக்கு அழுகை வந்தது, நிம்மதியும் வந்தது.

மறுநாள் ஞாயிறு அவரைக் கற்களுக்கு அழைத்துப்போனோம். நான் எல்லோர் முன்னிலும் மறுபடியும் சொன்னேன். முதல் தடவையைவிட இது சுலபமாக இருந்தது. பெரிய விவாதம் நடந்தது. பழைய எண்ணையே எழுதலாம் என்றார் ஒருவர். நிச்சயம் இல்லாததை எப்படி எழுதுவது என்றார் இன்னொருவர். மீனின் நீளம் நினைவிருந்தால் எடை சொல்லலாம் என்று ஒருவர் சொல்ல, ஆளுக்கொரு நீளம் காட்டினார்கள். கன்னியப்பன் மாமா சேர் கல்லிலிருந்தே இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்தார்.

"தோ பாரு மாமு, எனக்கு இந்தக் கல்லே வோணாம். இங்க குந்தினா முதுவுல வெயிலு வாட்டுது. நாலு மாசமா நானும் எயிந்து ஓடலாம்னுதான் பாத்துகினு கீறேன். எவனாவது பெருசா புடிச்சித் தொலைங்கடான்னு மாதாகிட்டயே வேண்டிகினேன்."

அவர் மாதாவிடம் வேண்டுகிற ஆள் இல்லை. திருவொற்றியூர் கோயிலுக்கே கூட்டம் என்று போகாதவர். அந்தக் கல்லில் காலையில் வெயில் முகத்தில்தான் அடிக்கும், முதுகில் அடிக்காது. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, அந்த வருடம் நான் கற்றுக்கொண்டதில் உருப்படியானது அதுவாக இருக்கலாம்.

கன்னியப்பன் மாமா தாரை வாங்கி என் எழுத்தின்மேல் பூசினார். எண் எதுவும் எழுதவில்லை. "சூசை" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஒரு மீன் படம் போட்டார். அவருக்கு வரையவே வராது. வாலும் கண்ணும் வைத்த ஒரு மாங்காய் மாதிரி வந்தது. சூசை மாமா அதைத் தள்ளி நின்று பார்த்து, "இத்தினி குண்டா இருந்தா பத்து கிலோ வரும்டா" என்றார். அதன்பிறகு அந்தக் கல்லுக்குப் போட்டி வைக்கவில்லை. மீன்களை நிறுத்தோம், கேலி செய்தோம், எடையைச் சொல்லி ஒருவரையொருவர் வெறுப்பேற்றினோம். கல்லை மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வருடத்து நல்ல பருவம் போய்விட்டது. ஆனால் அதற்குப் பிறகு பல பருவங்கள் அவர் அங்கே உட்கார்ந்து சின்னச் சின்னக் கிழங்கானும் எப்போதாவது ஒரு களவாவும் பிடித்தார். அந்தப் பழைய மீனைவிடப் பெரிய கொடுவா அவருக்கு அப்புறம் மாட்டவில்லை.

நான் படித்து, கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். தூண்டிலை மட்டும் விடவில்லை. இப்போது அந்தக் கடற்கரையில் புதிதாகக் கற்களைக் கொட்டி, கடலுக்குள் நீட்டி நீட்டித் தடுப்பு கட்டிவிட்டார்கள். சேர் கல்லு அதற்குள் எங்கோ புதைந்திருக்கிறது. சாலையில் கண்டெய்னர் லாரிகள் நாள் கணக்கில் நகராமல் நிற்கின்றன. சில ஓட்டுநர்கள் இறங்கி வந்து தூண்டில் போடுபவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள். நீளமான கழிகளோடு வரும் இளைஞர்கள் உள்ளங்கையில் அடங்கும் பேட்டரித் தராசில் மீனை மாட்டி, பளிச்சென்று எண் வந்ததும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நல்ல தராசுகள்தான். வாங்கிய அன்றைக்குப் போலவே இன்றைக்கும் இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கல்லை மாட்டிப் பாருங்கள் என்று சொல்வேன். "சரி சார்" என்பார்கள். சிலர் பார்க்கவும் பார்க்கிறார்கள்.

அப்பா போய்விட்டார். கன்னியப்பன் மாமா போய்விட்டார். தொரையை யார் வீட்டில் யார் பழைய பித்தளைக்குப் போட்டார்கள் என்று தெரியவில்லை. சூசை மாமா காசிமேட்டுக் கல்லறையில் இருக்கிறார். பிலோமி இப்போது திருவொற்றியூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். போன ஈஸ்டருக்கு அவள் பேத்தி முதல்முறையாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. போயிருந்தேன். சம்பந்தி வீட்டார் எல்லாம் புளியந்தோப்பிலிருந்து வந்திருந்தார்கள். மீன் குழம்பு பரிமாறும்போது பேச்சு மீனுக்குப் போனது, பிலோமி கரண்டியைக் கையில் பிடித்தபடியே தன் அப்பா கதையை எடுத்தாள்.

"எங்கப்பா ஒத்தைக் காலோட கல்லு மேல குந்திகினு, கை தூண்டில்ல, எட்டு கிலோ கொடுவா இஸ்துப் போட்டாரு. எட்டு கிலோ!"

சம்பந்தியம்மா நம்பாமல் சிரித்தாள். பிலோமி சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"இதோ கீறாரே, காலேஜு வாத்தியாரு. இவரையே கேளு. சொல்லுண்ணே."

இலையிலிருந்து எல்லோரும் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார்கள். நான் கையைக் கழுவவில்லை. குழம்பு ஒட்டிய வலது கையையும் இடது கையையும் விரித்து, நீளம் காட்டினேன். போதாதென்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் அகட்டினேன்.

"எட்டுக்கு மேலயே இருக்கும்மா" என்றேன்.